வண்டியை உயர்த்துமுன்

குலு பள்ளத்தாக்கில், பியாஸ் ஆற்றின் இடக்கரையில், ஒரு காலத்தில் குலு அரசர்களின் தலைநகராக விளங்கிய நக்கர் என்னும் ஊர் உள்ளது. அதற்கு மேலே ஆப்பிள் தோட்டங்களின் ஊடே வளைந்து ஏறும் கிளைச் சாலைகள், தை மாதத்துப் பனியில் சில நாட்கள் முற்றிலுமாக மறைந்துவிடும். பணியிட மாற்றத்தின் பேரில் அப்பகுதிக் கிளையொன்றில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், வாகனக் கடன் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். எங்கள் தரப்பில் நேர்ந்த குறையையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அவர் ஆப்பிள் தோட்டக்காரர். ஏழு பேர் அமரக்கூடிய, நான்கு சக்கர இயக்கம் கொண்ட டீசல் வண்டி ஒன்றை எங்கள் கிளையில் கடன் பெற்று வாங்கியிருந்தார். கடன் தொகை 11 லட்சம் ரூபாய். வட்டி 9 விழுக்காடு. 84 மாதத் தவணைகள். தவணைக்கு ஏறத்தாழ 17,700 ரூபாய். ஒரு தவணையும் தவறியதில்லை. வண்டி வந்த முதல் குளிர்காலத்தில் அவருடைய தாயாருக்கு நெஞ்சுவலி வந்தது. வீட்டுக்கும் பெருஞ்சாலைக்கும் இடைப்பட்ட கிளைச் சாலையில் முழங்கால் அளவு பனி. வாசலில் புது வண்டி நிற்க, முதியவளை நாற்காலியில் அமர்த்தி நால்வர் தோளில் சுமந்து இறங்கினார்கள். அந்த அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் மகனுடைய மனத்திலிருந்து அந்த நாள் அகலவில்லை.

அவ்வாண்டு அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், சமவெளி நகரம் ஒன்றிலிருந்த பட்டறைக்கு வண்டியை ஓட்டிச்சென்றார். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் செலவில் ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, உடற்பகுதியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினார். டயர்களையும் பெரிதாக்கினார். கார்த்திகை மாதத்தில் எங்களிடம் வந்தபோது மூன்றாவது வேலைக்குப் பணம் கேட்டார். வண்டியின் முகப்பில் பனியைத் தள்ளும் இரும்புக் கத்தி ஒன்றைப் பொருத்த வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்திருக்கிறார். உள்ளூர்ப் பற்றவைப்புக்காரர் செய்து தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். ஒன்றேகால் லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வேண்டும்.

கேட்டவரின் நோக்கத்தில் பிழை காண இயலாது. ஆயினும் இந்த மூன்று மாற்றங்களும் வண்டிக்கு என்ன செய்கின்றன என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் அதற்குப் பிறகே படித்துத் தெரிந்துகொண்டோம்.

முதலில் டயர். அவருடைய வண்டியோடு வந்த டயரின் பக்கச்சுவரில் 235/65 ஆர் 17 என்று பொறிக்கப்பட்டிருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது எண் உள்வளையத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் சுமார் 737 மில்லிமீட்டர். அவர் மாற்றியது 265/65 ஆர் 17. அதன் விட்டம் சுமார் 776. விட்டத்தில் 39 மில்லிமீட்டர் கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 5.3 விழுக்காடு கூடிவிடுகிறது. வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 84 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கு அதிக உழைப்பு. சுழற்ற எஞ்சினுக்கு அதிக எரிபொருள். பனியைப் பொறுத்தவரை இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இறுகிய பனியில் பிடிமானம் தருவது டயரின் அகலத்தைக் காட்டிலும் அதன் ரப்பர் கலவையும் மேற்பரப்பின் நுண்வெட்டுகளுமே. சாதாரண ரப்பர் குளிரில் விறைத்துப்போகும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மை குன்றாமல் இருக்கும். அவர் வாங்கிய டயர்கள் சேற்றுக்கும் கல்லுக்கும் ஏற்றவை. பார்ப்பதற்கு மிடுக்காக இருந்தன என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து உயர்த்துதல். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் உயரும் என்று பலர் எண்ணுகிறார்கள். பின்புறம் ஒரே இரும்பு அச்சாக அமைந்த வண்டிகளில், அச்சின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் பெட்டியே பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருக்கும் பகுதி. அது சக்கரங்களோடு பிணைக்கப்பட்டது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது உயராது. டயர் பெரிதானால் மட்டுமே உயரும். ஆகவே பனியிலோ பாறையிலோ முதலில் இடிக்கும் பகுதி, 50 மில்லிமீட்டர் உயர்த்திய பின்னரும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உயர்ந்தது உடற்பகுதியும் அதனுள் அமர்ந்திருக்கும் மனிதர்களும்தாம்.

உடற்பகுதி உயர்ந்தால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். கவிழும் வாய்ப்பை அளக்க அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஓர் எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறது. இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். எண் குறையக் குறைய, வண்டி எளிதில் கவிழும். சக்கரங்களுக்கு இடையே 1,520 மில்லிமீட்டரும் ஈர்ப்பு மையம் 740 மில்லிமீட்டர் உயரத்திலும் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். விகிதம் 1.03. ஈர்ப்பு மையம் 60 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது 0.95 ஆகிவிடும். இவ்வகை உயர்ந்த வண்டிகள் ஏற்கெனவே விளிம்பில் நிற்பவை. அங்கிருந்து மேலும் ஓரடி வெளியே வைப்பது போன்றது இது. இவையன்றி, முகப்பு விளக்கின் ஒளி மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதும், அச்சுத் தண்டுகளின் இணைப்புகள் கோணம் மாறித் தேய்வதும் உண்டு.

மூன்றாவது அந்தக் கத்தி. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு முற்றத்துப் பாதையைத் துப்புரவாக்க, சொந்த வண்டியின் முகப்பில் பனித்தகடு பொருத்தும் வழக்கம் உண்டு என்பது உண்மையே. ஆனால் அங்கே பெரும்பாலும் பிக்கப் வண்டிகளிலேயே அதைப் பொருத்துகிறார்கள். முன் ஸ்பிரிங்குகள் வலுப்படுத்தப்பட்டு, மின்னாக்கி பெரிதாக்கப்பட்டு, பனித்தகட்டுக்கென்றே ஆயத்தமாக வரும் வண்டிகளைத் தயாரிப்பாளர்களே விற்கிறார்கள். முன் அச்சு எவ்வளவு எடை தாங்கும் என்பது கதவோரத் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்த பிறகே எந்தத் தகடு என்ற பேச்சு. நம் குடும்ப வண்டியில் 150 கிலோ இரும்பை முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் தொங்கவிட்டால், நெம்புகோல் விதிப்படி முன் அச்சின் மீது கூடும் எடை 150 அன்று, 2.7 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள வண்டியில் அது சுமார் 205 கிலோ. பின் அச்சிலிருந்து 55 கிலோ குறைந்துவிடும். இறக்கத்தில் பின் சக்கரங்களின் பிடி தளர்வது அதனால்தான். ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றும் தடைப்படும். காற்றுப்பைகளை விரியச் செய்யும் உணரிகள், முகப்பு எவ்வாறு நசுங்கும் என்ற கணக்கின்படி அமைக்கப்பட்டவை. முன்னால் ஓர் இரும்புச் சட்டம் நின்றால் அக்கணக்கே மாறிவிடும். முகப்பில் பொருத்தும் இரும்புத் தடுப்புகளின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியதும் நினைவிருக்கலாம்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின் வழி வந்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுக்கிறது. எல்லா மாற்றமும் குற்றம் என்பதில்லை. ஒப்புதல் பெற்ற எரிவாயுக் கருவி பொருத்துவதற்கும், மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ப வண்டியை அமைத்துக்கொள்வதற்கும் சட்டமே வழிவிடுகிறது. வண்ணத்தையும் அனுமதி பெற்று மாற்றலாம். டயரைப் பொறுத்தவரை, அதே மாதிரி வண்டியின் உயர் வகைக்குத் தயாரிப்பாளரே வைத்திருக்கும் அளவு எது என்று சேவை நிலையத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

கடன் முடியும்வரை பதிவுச் சான்றில் வங்கியின் பெயரும் இருக்கிறது. வண்டி எங்களுக்கு ஈடு. அதன் தன்மையை மாற்றுமுன் வங்கியின் எழுத்து வழி இசைவு வேண்டும் என்பது கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. கையொப்பமிடும் நாளில் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நாங்களும் படித்துக் காட்டுவதில்லை. காப்பீட்டு நிறுவனமோ தான் ஏற்ற வண்டிக்கே பொறுப்பு. வண்டியில் செய்த மாற்றத்தை அறிவித்து, கூடுதல் கட்டணம் இருந்தால் செலுத்தி, பாலிசியில் மேற்குறிப்பு பெறாவிட்டால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம் அல்லது குறைக்கப்படலாம். மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கு நிறுவனம் இழப்பீடு செலுத்திவிட்டு, அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகளும் உண்டு.

தோட்டக்காரரின் கதைக்குத் திரும்புவோம். கத்திக்கான கடனை நாங்கள் மறுத்தோம். வண்டியைப் பார்வையிட்டபோது உயர்த்தலையும் டயர்களையும் கண்டு, இவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், முடிந்தால் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள் என்று சொன்னோம். குளிர்காலம் கழியட்டும் என்றார் அவர். சரி என்றோம். எங்கள் குறை இங்கேதான். வாயால் சொன்னதை எழுத்தில் தரவில்லை. ஆய்வுக் குறிப்பில் சேஸிஸ் எண் சரி என்று எழுதிக் கோப்பை மூடினோம்.

அந்தக் குளிர்காலம் எவ்வித இடரும் இன்றிக் கழிந்தது. சித்திரையில், பனியே இல்லாத உலர்ந்த சாலையில், எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கித் திடீரெனத் திருப்பியபோது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. பள்ளத்தின் பக்கமன்றி மலைப்பக்கமாகச் சாய்ந்தது பெரும்பேறு. மனைவிக்குக் கை எலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பழுதுநீக்க மதிப்பீடு 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். காப்பீட்டு மதிப்பீட்டாளர் முதலில் அளந்தது டயரைத்தான். கோரிக்கை மறுக்கப்பட்டது. அப்போது அவர் செலுத்தியிருந்த தவணைகள் 26. நிலுவை அசல் ஏறக்குறைய 8 லட்சத்து 30 ஆயிரம். ஓடாத வண்டிக்கு மாதம் 17,700 ரூபாய்!

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்று எடுத்துரைத்தோம். அவர் விரும்பவில்லை. தவறு தம்முடையது என்றே அவர் நினைத்தார். அதில் எங்களுக்கும் பங்குண்டு என்று சொல்ல எங்களுக்குத்தான் நா எழவில்லை. இரண்டு தவணைகளை அறுவடைக்குப் பிந்திய மாதங்களுக்குத் தள்ளிவைக்க மேலிடத்தில் இசைவு பெற்றுக் கொடுத்தோம். பெரிய டயர்களை வந்த விலைக்கு விற்றார். ஐப்பசியில் ஆப்பிள் பணம் வந்தபின், பழைய ஸ்பிரிங்குகளோடும் பழைய அளவு டயர்களோடும் வண்டி பணிமனையிலிருந்து வெளியே வந்தது.

பனி? அது வேறு வழியில் தீர்ந்தது. பெருஞ்சாலைகளின் பனியை அகற்ற, 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு போன்றவை சுழல் வெட்டிகளும் புல்டோசர்களும் வைத்திருக்கின்றன. கிளைச் சாலைகளுக்கு அவை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஊர்த் தோட்டக்காரர்கள் கூடிப் பேசி, கட்டட வேலை ஓய்ந்திருக்கும் குளிர்மாதங்களில் ஜேசிபி வைத்திருப்பவர் ஒருவரோடு வீட்டுக்கு இவ்வளவு என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். பனி பெய்த மறுநாள் காலை அந்த இயந்திரம் சாலையின் அடியிலிருந்து மேலேறி வருகிறது. தோட்டக்காரர் சக்கரங்களுக்குச் சங்கிலி வாங்கிக்கொண்டார். அடல் சுரங்கத்தைக் கடந்து லாஹௌல் செல்வோருக்கும், பனி நாட்களில் நான்கு சக்கர இயக்கமோ சங்கிலியோ இன்றிக் காவல்துறை வழிவிடுவதில்லை. விலை சில ஆயிரம் ரூபாய். கழற்றிவிட்டால் வண்டி தயாரிப்பாளர் கொடுத்தபடியே இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒன்று மாறியது. அக்கிளையில் வாகனக் கடனுக்குப் பிந்திய ஆய்வுப் படிவத்தில், சேஸிஸ் எண்ணுக்குக் கீழே, டயரின் அளவு என்று ஒரு வரியைக் கையால் எழுதிச் சேர்த்தோம். மாற்றம் கண்டால் வாடிக்கையாளருக்கு அன்றே கடிதம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் மாற்றலாகி வந்தபின் அங்கிருந்து வந்த ஒரு தொலைபேசிப் பேச்சில், அந்த அம்மையார் கடந்த குளிர்காலத்தில் இருமுறை மருத்துவமனைக்குச் சென்று திரும்பினார் என்று அறிந்தோம். இருமுறையும் அதே வண்டியில், சங்கிலி பூட்டி. கடனில் இன்னும் 19 தவணைகள் உள்ளன.