எச்சத்தை ஊறவிடுங்கள், துடைப்பவரை மறக்காதீர்கள்

கறுப்பு காரின் பானட்டில் ஒரு பகல் முழுக்கக் காய்ந்த காக்கா எச்சத்தைக் கழுவிய பிறகும், மங்கலாக ஒரு வட்டம் நிற்கும். எத்தனை முறை ஷாம்பு போட்டாலும் போகாது. பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் அந்த இடத்தில் உருமாறிவிட்டது என்று பொருள். அந்தப் பூச்சின் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது.

எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். பழி முழுவதையும் அதன்மேல் போடுகிறோம். வெயிலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சித்திரை மதியத்தில் பானட் கை வைக்க முடியாதபடி சுடும்போது கிளியர் கோட் இளகி விரிகிறது. மாலையில் ஆறும்போது, காய்ந்த எச்சத்தின் மேடுபள்ளத்தை ஒட்டியே இறுகிவிடுகிறது. ஆகவே எச்சத்தை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. விழுந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

பூச்சிக் கறை நெடுஞ்சாலையில் போகிறவர்களின் பாடு. மழை விட்ட ராத்திரியில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனால் ஈசல் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். வாஷர் தண்ணீர் அடிக்காமல் வைப்பரைப் போட்டால் அதன் கொழுப்பு கண்ணாடியில் பரவி, எதிர்வண்டி வெளிச்சத்தில் சாலையே தெரியாது. முகப்பு விளக்கின் மூடி இப்போது பிளாஸ்டிக்; அதில் ஒட்டிய பூச்சியை எடுக்கப் பெட்ரோல், தின்னர் போட்டால் மங்கிவிடும்.

இரண்டு கறைக்கும் வழி ஒன்றே. ஈரத் துணியைக் கறைமேல் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உலர்ந்த எச்சத்தில் மணலும் விதைத் துணுக்கும் இருக்கும். வறட்டுத் துணியால் தேய்த்தால் அவையே கீறிவிடும். செராமிக் கோட்டிங் போட்டால் இந்தக் கவலையே இல்லை என்பவர்களும் உண்டு; அதன்மேலும் எச்சத்தை வெயிலில் காயவிடக் கூடாது.

ஆனால் நகரத்து அபார்ட்மென்ட்டுகளில் காரைத் துடைப்பது சொந்தக்காரர் இல்லையே! விடியற்காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணியோடு வருகிறவர் வரிசையாகப் பல வண்டிகளைத் துடைக்கிறார். ஊறவைக்க அவருக்கு நேரம் தருவதில்லை. முதல் காரின் மணல் கடைசி காரைக் கீறுகிறது என்று புகார் மட்டும் சொல்கிறோம். அவர் சுவாசிப்பது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

பார்க்கிங் உத்தரத்தில் புறாக்கள் அடைகின்றன. காய்ந்த புறா எச்சத்தைச் சுரண்டும்போது எழும் தூசியில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கக்கூடும். நுரையீரலைத் தாக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோயும் இப்படித் தூசி வழியே தொற்றக்கூடியது. நனைத்தால் தூசி எழாது. பெயிண்டைக் காக்கும் அதே பத்து நிமிடம் அவருடைய நுரையீரலையும் காக்கும்.

பளபளப்புக்காகப் பாலிஷ் டப்பா வாங்கும்போது, அவருக்கு ஒரு முகக்கவசமும் கையுறையும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் சேர்த்து வாங்குங்கள். எச்சம் கிடக்கும் காரை முதலில் நனைத்துவிட்டு அடுத்த காருக்குப் போகச் சொல்லுங்கள். அதற்கு அரைமணி கூடுதலாகும் என்றால், அந்த அரைமணிக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.