சிப்புக்கும் போர்டுக்கும் தகராறு

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல சரக்கு. சேர்த்துப் பூட்டினால் ஆட்டத்தின் நடுவே கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது. பழுது யாருடையது என்று தெரிவதற்குள் வாரன்டி கரைந்துவிடக்கூடும்.

முதல் குற்றவாளி விளையாட்டு. இரண்டாவது விண்டோஸ். மூன்றாவது கிராபிக்ஸ் கார்டு. ஒரு லட்சம் ரூபாய் செலவழித்து அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர் உறையத் தொடங்கினால், சந்தேகம் இந்த வரிசையில்தான் போகிறது. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் திரை அசையாமல் நிற்கும். ஸ்பீக்கரில் ஒரே ஒலி ரீங்கரிக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் விமோசனம். கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கிறார்கள். அங்கே அது சமர்த்தாக ஓடுகிறது.

உண்மையான தகராறு பல நேரங்களில் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் இருக்கிறது: பிராசஸர் சிப்புக்கும் அதைத் தாங்கும் மதர்போர்டுக்கும் இடையில்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய விஜயபுரம், நகரி போன்ற ஊர்களில் இந்தத் தகராறுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. திருப்பதியிலும் சித்தூரிலும் கடைகள் இருந்தாலும், விலை பேசி வாங்க நினைப்பவர்களுக்குச் சென்னையின் ரிச்சி தெரு அதிக தூரமில்லை. இல்லாவிட்டால் ஆன்லைன். சிப் ஒரு கடையில் மலிவு, போர்டு இன்னொரு கடையில் மலிவு. வாங்கும்போது லாபமாகத் தெரியும் இந்த ஏற்பாடு, பழுது வந்தால் தலைவலியாகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு திருத்தணி வழியாகச் சென்னைக்குப் போனால், சிப் விற்றவர் போர்டைக் கைகாட்டுவார். போர்டு விற்றவர் சிப்பைக் கைகாட்டுவார். அவரவர் சரக்கைத் தனியாகச் சோதித்தால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

கேட்பதும் கொடுப்பதும்

சிப் சாக்கெட்டில் பொருந்திவிட்டால் ஜோடி சேர்ந்துவிட்டது என்பதுதான் பரவலான எண்ணம். அது பாதி உண்மைதான். இன்டெல் 2021 நவம்பரில் வெளியிட்ட 12-ஆம் தலைமுறைச் சிப், 2022 அக்டோபரில் வந்த 13-ஆம் தலைமுறை, 2023 அக்டோபரில் வந்த 14-ஆம் தலைமுறை மூன்றுக்குமே எல்ஜிஏ 1700 என்ற ஒரே சாக்கெட்தான். ஆனால் 12-ஆம் தலைமுறைக்காகச் செய்த போர்டுக்கு, அதன் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்கும்வரை, பின்னால் வந்த சிப்பை யாரென்றே தெரியாது. சில சமயம் கம்ப்யூட்டர் உயிர் பெறவே மறுக்கும். சில சமயம் அரைகுறையாக ஓடி, நினைத்தபோது நிற்கும்.

அடுத்தது மின்சாரம். பவர் சப்ளை தருவது 12 வோல்ட். சிப்புக்குத் தேவை ஒரு வோல்ட்டைச் சற்றே தாண்டிய அளவு. இடையில் நின்று மாற்றிக் கொடுப்பது போர்டில், சாக்கெட்டைச் சுற்றி அணிவகுத்திருக்கும் மின் சீராக்கிகள். வேலையின் சுமைக்கு ஏற்பச் சிப் நொடிக்கு எத்தனையோ முறை வேகத்தை மாற்றுகிறது; ஒவ்வொரு முறையும் இவ்வளவு வோல்ட் வேண்டும் என்று போர்டிடம் கேட்கிறது. ஐ9-13900கே சிப் உச்ச வேகத்தில் இழுக்க இன்டெல் வகுத்த வரம்பு 253 வாட். இவ்வளவு குறைந்த வோல்ட்டில் அது சுமார் 200 ஆம்பியர் ஆகிறது. ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பது 10 ஆம்பியருக்கும் குறைவு என்பதோடு ஒப்பிட்டால், அந்தச் சின்னச் சீராக்கிகளின் பாடு புரியும்.

கேட்டதைவிடச் சிறிதளவு குறைந்தாலும் கணக்கு பிசகி, கம்ப்யூட்டர் உறைகிறது. அடிமட்ட விலைப் போர்டில் உயர்ரகச் சிப்பைப் பூட்டினால் நடப்பது இதுதான். சீராக்கிகள் கொதிக்கின்றன, சிப்பின் வேகம் சரிகிறது, ஆட்டம் திக்குகிறது. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் திருப்பதி வட்டாரத்தில், ஏ.சி. இல்லாத அறையில், இந்தத் தொல்லை இன்னும் சீக்கிரம் வெளியே வருகிறது.

கேட்டதைவிட அதிகம் கொடுத்தாலும் ஆபத்துதான். அதை உலகத்துக்கே உணர்த்தியது 2024-இல் இன்டெல் சந்தித்த சிக்கல்.

பொய் சொன்ன அறிவிப்பு

அந்த ஆண்டின் தொடக்கத்தில், டெக்கன் 8 போன்ற புதிய விளையாட்டுகளை ஆடியவர்களின் திரையில், கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தது. நினைவகம் தாராளமாக இருந்த விலையுயர்ந்த கார்டுகளிலும் அதே அறிவிப்பு. கார்டு தயாரிப்பாளரான என்விடியா 2024 ஏப்ரலில், 13, 14-ஆம் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர்கள் இன்டெலை அணுகலாம் என்று கைகாட்டியது. விளையாட்டின் சுருக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும்போது பிராசஸரே தப்பாகக் கணக்குப் போட்டது. பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுந்தது.

இன்டெலின் முதல் சந்தேகம் மதர்போர்டுகள் மீது பாய்ந்தது. அதில் நியாயம் இருந்தது. விமர்சகர்களின் வேகப் பரிசோதனைகளில் முந்த வேண்டும் என்பதற்காக, உயர்ரகப் போர்டுகள் பல மின் வரம்புகளைத் தளர்த்தியே கடைக்கு வந்தன. 253 வாட் என்றிருக்க வேண்டிய இடத்தில் சிலவற்றில் 4,096 வாட் என்று இருந்தது. அதாவது வரம்பே இல்லை. வாங்கியவர் எதையும் தொடவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோதே அப்படித்தான் இருந்தது. இன்டெலின் வற்புறுத்தலுக்குப் பின், அந்நிறுவனம் பரிந்துரைத்த அளவுகளைப் போர்டு நிறுவனங்கள் பயாஸில் சேர்த்தன.

அத்தோடு கதை முடியவில்லை. 2024 ஜூலையில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனமான ஆல்டெரான் கேம்ஸ், தன் சர்வர்களை ஏஎம்டி சிப்புகளுக்கு மாற்றப்போவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. அதே மாதம் இன்டெல் ஒப்புக்கொண்டது: சிப்பினுள் இருக்கும் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்ட் கேட்கிறது. செப்டம்பரில் முழு விளக்கம் வந்தது. அதிக வோல்ட்டும் வெப்பமும் சேர்ந்து, சிப்பின் கடிகாரத் துடிப்பைப் பகிரும் சுற்றை முன்கூட்டியே முதுமையடையச் செய்கின்றன. கொடுத்த போர்டும் கேட்ட சிப்பும் கூட்டுக் குற்றவாளிகள்.

ஆகஸ்ட் முதல் திருத்தங்கள் வந்தன: 0எக்ஸ்129, பிறகு 0எக்ஸ்12பி, 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப். மூன்றுமே போர்டின் பயாஸ் வழியாக வருபவை. இவை வரப்போகும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே முதுமையடைந்த சிப்பை இளமையாக்காது. அதற்கு மாற்றுச் சிப் ஒன்றே வழி. எனவே ஐ5-இன் உயர் மாடல்கள், ஐ7, ஐ9 ஆகியவற்றில் பெட்டியுடன் விற்ற சிப்புகளின் வாரன்டியை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக இன்டெல் நீட்டித்தது. 2023-இல் வாங்கியவருக்கு 2028 வரை அவகாசம் உண்டு என்று அர்த்தம்.

போட்டியாளரான ஏஎம்டியும் தப்பவில்லை. அதன் ரைசன் கம்ப்யூட்டர்கள் சில நொடிக் கணக்கில் திக்கி நின்றதற்கு, பிராசஸரின் பாதுகாப்பு மென்பொருள் போர்டில் உள்ள பயாஸ் சிப்போடு பேசத் தாமதமானதே காரணம் என்று 2022 மார்ச்சில் அது ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி வரிசைச் சிப்புகள் சில, சாக்கெட்டோடு கருகின. போர்டுகள் கொடுக்கும் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு கட்டப்பட்டது.

காசில்லாத சோதனைகள்

எதையும் புதிதாக வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய சோதனைகள் ஏராளம். சும்மா இருக்கும்போதா, ஆட்டம் ஏறும்போதா, அரை மணி ஓடிச் சூடான பிறகா? எப்போது உறைகிறது என்று நேரத்தோடு ஒரு தாளில் குறிப்பது முதல் வேலை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'டபிள்யூஹெச்இஏ' என்ற பெயரில் பிழைகள் பதிவாகியிருந்தால், சிப், போர்டு பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு அது வலுவான சாட்சி. 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு மட்டும் இருந்தால், கம்ப்யூட்டர் முறைப்படி அணையவில்லை என்றுதான் பொருள். காரணத்தை அது சொல்லாது.

அடுத்தது பொருத்தம் பார்ப்பது. ஒவ்வொரு போர்டு நிறுவனமும் எந்தச் சிப்புக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியலை மாடல் வாரியாக வெளியிடுகிறது. சிபியூ-இஸட் என்ற இலவச மென்பொருள், கம்ப்யூட்டரில் உள்ள சிப், போர்டு, பயாஸ் பதிப்பு மூன்றையும் காட்டும். ஜாதகம் பார்க்க இவை போதும். பட்டியலில் சிப்பின் பெயரே இல்லையென்றால், வேறு எந்தச் சிகிச்சையும் பயன் தராது.

பெயர் இருந்தால், பயாஸில் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் திருப்ப வேண்டும். ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ வசதியை அணைக்க வேண்டும். ரேம் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை எல்லாச் சிப்பும் எல்லாப் போர்டும் தாங்குவதில்லை. இத்தோடு உறைவது நின்றால் பாதி மர்மம் விலகிவிட்டது.

பிறகே பயாஸ் புதுப்பிப்பு. போர்டின் சரியான மாடலுக்கு, அதன் ரிவிஷன் எண்ணையும் பார்த்து எடுத்த கோப்பு மட்டுமே செல்லும். நடுவில் கரன்ட் போனால் போர்டு செத்துவிடக்கூடும். யுபிஎஸ் இல்லாமல் கை வைக்கக் கூடாது. அதற்கும் மசியாவிட்டால், ரேமுக்கு மெம்டெஸ்ட்86, கடைசியாக ஒரு நேரத்தில் ஒரே பாகத்தை மாற்றிப் பார்ப்பது. சிப்பைக் கழற்றினால், சாக்கெட்டில் வளைந்த ஊசி ஏதேனும் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

எல்லை தாண்டிய உரிமை

இத்தனை சோதனைகளின் முடிவுகளும் கடைக்காரரிடம் பேசும்போது ஆயுதங்கள். பில் இல்லாவிட்டால் ஆயுதம் செல்லாது. 18 சதவிகித ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்க வெறுங்கையோடு வருபவர், வாரன்டியையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். சிப், போர்டு இரண்டின் சீரியல் எண்களும் பில்லில் இருப்பது உத்தமம். ஒரே கடையில் வாங்கி, இரண்டும் ஒத்துப்போகும் என்று பில்லிலேயே எழுதி வாங்குவது அதைவிட உத்தமம். ஒருவரை ஒருவர் கைகாட்டும் நாடகத்துக்கு அதன்பின் இடமில்லை.

சென்னையில் வாங்கியதற்குச் சென்னையில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற அச்சமும் இனி தேவையில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். விஜயபுரத்துக்காரருக்குச் சித்தூர் மாவட்ட ஆணையம் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன்படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

1994-இல் பென்டியம் சிப் வகுத்தல் கணக்கில் தவறியபோது, சாதாரண வாடிக்கையாளருக்கு அது பெரிதல்ல என்று முதலில் சமாளித்த இன்டெல், கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றித்தர முன்வந்தது. அதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. அன்றும் சரி, 2024-இலும் சரி, நிறுவனத்தை அசைத்தவை ஆதாரத்தோடு விடாமல் வந்த புகார்கள். உறைந்த திரையின் முன் மேஜையைக் குத்துவதைவிட, அது உறைந்த நேரத்தைக் குறித்துவைப்பது பலன் தரும்.