முழங்கால் தண்ணீரில் மீன்

பள்ளி விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், பக்கத்தில் ஆழமில்லாத கழிமுகமும் கடற்கரையும் இருக்கின்றன, என்ன தூண்டில் வாங்கலாம் என்று சிட்னிக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் அடிக்கடி கேட்கின்றன. கடைக்குக் கிளம்புமுன் ஒரு டீ குடிக்கும் நேரம் உட்காருங்கள். இப்படிப்பட்ட கழியில் மீன் கிடைப்பதும் கிடைக்காததும் தூண்டிலின் விலையைப் பொறுத்ததல்ல. தண்ணீர் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது, அப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஓர் ஊரை வைத்துப் பேசினால் எளிது. சிட்னியிலிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலையில் தெற்கே நாலரை மணி நேரம் போனால், மொரூயாவுக்கும் நரூமாவுக்கும் நடுவே டூராஸ் ஹெட் என்ற சிற்றூர் வரும். மலையிலிருந்து இறங்கி வரும் டூராஸ் ஆறு இங்கே அகலமான, ஆழமில்லாத ஏரியாகப் பரவி, மணல் திட்டுகளுக்கு நடுவே வளைந்து, குறுகிய முகத்துவாரம் ஒன்றின் வழியாகக் கடலில் சேர்கிறது. ஏரிக்குள் சிப்பி வளர்க்கிறார்கள். வெளியே அலை அடிக்கும் நீண்ட கடற்கரை. காலையில் கழி, மாலையில் கடல் என்று ஒரே நாளில் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். யுவின் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீனும் சிப்பியும் எடுத்து வாழ்ந்துவரும் கரை இது. அவர்கள் உண்டு போட்ட சிப்பி ஓடுகளின் மேடுகள் இந்தக் கடலோரம் நெடுகிலும் இருக்கின்றன. அவற்றின்மேல் கூடாரம் அடிக்கவோ, தோண்டவோ கூடாது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் நாளை 8:50 வாக்கில் நிறையும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. இந்தக் கடலோரத்துக்கான அட்டவணைகளை சிட்னித் துறைமுகத்தின் ஃபோர்ட் டெனிசன் அளவை வைத்துத்தான் போடுவார்கள். வெளிக் கடற்கரைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏரிக்குள் அந்தக் கணக்கு செல்லாது. குறுகிய வாய் வழியாக அவ்வளவு தண்ணீரும் நுழைய நேரம் பிடிக்கும். கடலில் நீர் இறங்கத் தொடங்கிய பிறகும் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தாமதம் என்பது முகத்துவாரத்தில் அந்த வருடம் மணல் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். எனவே போன முதல் நாளே நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணைக்கும் குச்சிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால் தங்கும் நாட்கள் முழுவதற்கும் அது போதும்.

வற்றத்தில் மணல் திட்டுகள் வெளியே தெரியும். அவற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் கூட்டமாக இருக்கும். அந்த வளைகளுக்குள் நிப்பர் என்ற வெளிர்நிற இறால் போன்ற உயிர் வாழ்கிறது. ஒரு பக்கத்துக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். கிள்ளும், ஆனால் பயப்படும்படி ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கித் திட்டின்மேல் நீர் படரும்போது, இதைத் தின்ன மீன்கள் ஆழத்திலிருந்து மேலே வருகின்றன. முதலில் வருவது சாண்ட் வைட்டிங். நம் ஊர்க் கிழங்கானின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். முகத்தைப் பார்த்ததும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். முழங்கால்கூட நனையாத நீரில் அது மேயும். புதியவர்கள் இடுப்பளவு நீருக்குள் நடந்துபோய், திட்டுகளுக்கு இடையே ஓடும் ஆழமான ஓடையின் நடுவை நோக்கி வீசுகிறார்கள். அந்த நேரத்தில் மீன் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருக்கிறது. நீர் ஏறத் தொடங்கும்போது ஓடையின் விளிம்பில் நில்லுங்கள். ஏற ஏற நீங்களும் கரைப்பக்கம் பின்வாங்கி நடங்கள். சத்தமில்லாமல், தண்ணீரைக் கலக்காமல் நடக்க வேண்டும்.

வற்றத்தில் கதை தலைகீழ். திட்டிலிருந்து நீர் வடிந்து ஓடைக்குள் இறங்கும்போது சிறு மீன்களும் இறாலும் அதோடு இறங்கி வருகின்றன. ஓடை விளிம்பின் சரிவில் டஸ்கி ஃபிளாட்ஹெட் மணலுக்குள் உடம்பைப் புதைத்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். தட்டையான தலை, அகன்ற வாய். அது துரத்திப் போய் வேட்டையாடுவது குறைவு, வாய்க்கு நேரே வருவதைத்தான் பிடிக்கும். அதனால் ஒரே இடத்தில் இரையைப் போட்டுவிட்டு உட்காராமல், விளிம்போரமாக நடந்து நடந்து வீசுங்கள்.

இரையைக் கடையில் உறைந்ததாக வாங்குவதைவிட அங்கேயே எடுப்பது நல்லது. நிப்பர் பம்ப் என்று ஒரு நீளமான குழாய் தூண்டில் கடைகளில் கிடைக்கும். வற்றத்தில் ஓட்டையின்மேல் அதை வைத்து, கைப்பிடியை இழுத்துக்கொண்டே குழாயை மணலுக்குள் அழுத்த வேண்டும். உறிஞ்சிய மணலைப் பக்கத்தில் கொட்டினால் நிப்பர் தெரியும். ஒரே ஓட்டையில் இரண்டு மூன்று முறை உறிஞ்சினால்தான் ஆழத்தில் இருப்பது வரும். பிள்ளைகளுக்கு மீன் பிடிப்பதைவிட இந்த வேலை அதிகம் பிடித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன், வாளியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். வயிற்றுக்கடியில் முட்டை சுமக்கும் பெண் நிப்பரைத் திரும்ப விடச் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் 100 வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஒரு காலைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. கடற்புல் முளைத்திருக்கும் இடத்தில் மட்டும் பம்பை வைக்காதீர்கள். மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான்.

சாமான் அதிகம் வேண்டாம். 2 மீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய கோல், சின்ன ரீல், மூன்று கிலோ தாங்கும் நரம்பு. பட்டாணி அளவு ஈயக்குண்டு நரம்பில் தடையில்லாமல் ஓட வேண்டும். அதற்குக் கீழே அரை மீட்டர் மெல்லிய நரம்பு, அதன் நுனியில் நீளத் தண்டுள்ள 4-ஆம் எண் முள். முள்ளுக்குச் சற்று மேலே ஒரு சிவப்பு மணி கோத்தால் வைட்டிங்கைக் கவரும் என்று இங்கே பலரும் நம்பிக்கையோடு கோக்கிறார்கள். நிப்பரின் வாலில் முள்ளை நுழைத்து உடம்பு வழியாகக் கொண்டுவாருங்கள். வீசியபின் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள், வைட்டிங் நகரும் இரையைப் பின்தொடர்ந்து வந்து கடிக்கும். தட்டுவது தெரிந்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் போய்விடும். கோல் வளைந்து கனம் தெரிந்த பிறகு தூக்குங்கள். கூட்டம் கூட்டமாகத் துள்ளும் மடவைகள் நிப்பரைச் சீண்டாது. அவை பாசியும் வண்டலும் தின்பவை. சின்ன முள்ளில் ரொட்டி மாவு உருண்டை வைத்தால் வரும்.

விதிகளைச் சுமையாக நினைக்காதீர்கள், அவற்றுக்குக் காரணம் இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்கள் தூண்டில் கட்டணம் கட்ட வேண்டும். மூன்று நாளுக்கும் கட்டலாம், ஒரு மாதத்துக்கும், வருடத்துக்கும் கட்டலாம். கடல்நீரில் பிடிப்பதற்கும் இந்தக் கட்டணம் 2001-இல் வந்தது. அந்தப் பணத்தில் வலைத்தொழில் உரிமங்களை விலைக்கு வாங்கி, 2002-இல் நியூ சவுத் வேல்ஸில் 30 இடங்களில் வணிக மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். டூராஸ் ஏரி அவற்றில் ஒன்று. பிழைப்புக்காக வலை போட்டவர்கள் விலகிய நீரில் நாம் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறோம். அளவு மீறி எடுக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

சாண்ட் வைட்டிங் 27 செ.மீ. இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். டஸ்கி ஃபிளாட்ஹெட் 36 முதல் 70 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஒருவருக்கு ஐந்து. 70-ஐத் தாண்டியதை ஏன் விட வேண்டும் என்று கேட்பார்கள். அந்த அளவுக்கு வளர்ந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண் மீன்கள், ஒவ்வொன்றும் ஏராளமாக முட்டையிடுபவை. படம் எடுக்க வேண்டுமானால் ஈரக்கையோடு, வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தாங்கிப் பிடித்து, சட்டென்று நீரில் விடுங்கள். செவுள் மூடியில் கூர்மையான முள் உண்டு, கையைக் கிழித்துவிடும், துணி வைத்துப் பிடிப்பது நல்லது. இந்தக் கடலோரம் 2006-இல் அமைந்த பேட்மன்ஸ் கடல் பூங்காவுக்குள் வருகிறது. பூங்காவின் சில பகுதிகளில் தூண்டிலே போடக் கூடாது. அளவுகளும் எல்லைகளும் அவ்வப்போது மாறும், கிளம்புமுன் மீன்வளத் துறையின் பட்டியலையும் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாலையில் கடற்கரைக்குப் போகும்போது நேராக மணலில் இறங்கிவிடாதீர்கள். மேட்டில் நின்று பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். வெள்ளையாக நுரைத்து உடைகிற இடத்தில் அடியில் மணல்மேடு. அதற்கும் கரைக்கும் நடுவே கருநீலமாக, அலை உடையாமல் கிடக்கும் பட்டை ஒரு பள்ளம். மீன் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் நடமாடும். வைட்டிங், பிரீம், பொழுது சாயும்போது டெய்லர், குளிர் மாதங்களில் ஆஸ்திரேலியன் சால்மன். டெய்லருக்குக் கூரிய பல், முழு மத்தி மீனை வரிசை முள்ளில் கோத்துப் போடுவார்கள். நீளமான கோலும் கனமான ஈயமும் இங்கே வேண்டும். ஆனாலும் தூரமாக வீசுவதில் பலத்தைச் செலவழிக்காதீர்கள், பள்ளம் பல நேரம் காலடியிலிருந்து இருபது மீட்டரிலேயே இருக்கும். மீனுக்கு நல்ல அதே பள்ளம் ஆளுக்கு ஆபத்து. அதில் சேரும் நீர் மணல்மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குள் திரும்பும் இடத்தில் இழுவை இருக்கும். தூண்டில் போடும் இடத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

மணலில் காலைத் திருகினால் பிப்பி என்ற மட்டி கிடைக்கும். நம் நாக்கு உடனே சுண்டலை நினைக்கும். வேண்டாம். நச்சுப் பாசியைத் தின்றிருக்கும் அபாயம் இருப்பதால், இந்த மாநிலத்தில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் அதை இரையாக மட்டுமே பயன்படுத்தலாம். ஏற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் எடுத்துப் போவதே குற்றம்.

கழியில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப்போகும். நீருக்குள் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்ள விடாதீர்கள், நீலவளைய ஆக்டோபஸ் அவற்றுக்குள் ஒளிந்திருக்கலாம். அதன் கடி வலிக்காது, ஆனால் மூச்சை நிறுத்திவிடும். கடலோரப் பாறைமேல் நின்று தூண்டில் போடுவது இந்த விடுமுறைக்கு வேண்டவே வேண்டாம். இந்த மாநிலத்தில் அப்படி அலை அடித்துப்போய் இறந்தவர்களில் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர்.

பிடித்த மீனை வாளித் தண்ணீரில் மிதக்க விட்டு வெயிலில் வைத்தால் சதை குழைந்துவிடும். உடனே கொன்று, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் போடுங்கள். முகாமுக்குத் திரும்பியதும் செதில் சீவி, குடலை எடுத்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வைத் தேய்த்துக் கழுவுங்கள். வைட்டிங்கை முழுசாகவே இரண்டு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவி, தட்டையான சட்டியில் குறைந்த எண்ணெயில் பொரித்தால் போதும். ஃபிளாட்ஹெட்டின் சதை வெள்ளையாக, முள் குறைவாக இருக்கும், பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள். சதையை அறுத்தெடுத்த பின் தலையையும் நடுமுள்ளையும் பெலிகனுக்கு வீசாமல், புளி கரைத்து, சின்ன வெங்காயம் போட்டுக் குழம்பு வையுங்கள்.