புது பேட்டரி போட்டும் 'செல்ஃப்' எடுக்கலையா? கோளாறு பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா... கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் சாவியைத் திருப்பினால் "டக்... டக்..." என்ற சத்தம் மட்டும்தான். பக்கத்து வண்டியில் இருந்து கேபிள் போட்டு ஒருவழியாக ஸ்டார்ட் செய்தாச்சு. "பேட்டரி போயிடுச்சு, புதுசு மாத்திடுங்க" என்று யாராவது சொல்ல, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றவும் செய்தாச்சு. நான்கே நாளில் மறுபடியும் அதே "டக்... டக்..."!

பல கார் உரிமையாளர்கள் சிக்கும் இடம் இதுதான். பேட்டரி இறங்கிப்போவது வெறும் அறிகுறி. அதற்குக் காரணம் பேட்டரியாகவும் இருக்கலாம், அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டராகவும் இருக்கலாம், எங்கேயோ கசியும் மின்சாரமாகவும் இருக்கலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும்.

எது என்ன வேலை செய்கிறது?

காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. உள்ளே 6 செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். இதன் முக்கிய வேலை, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற சில நொடிகளுக்குப் பெரிய அளவில் மின்சாரம் கொடுப்பது.

இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பொறுப்பு கைமாறுகிறது. பெல்ட் மூலம் சுழலும் ஆல்டர்னேட்டர், அதாவது பலர் இன்றும் 'டைனமோ' என்று சொல்லும் பாகம், ஏசி மின்சாரத்தை உருவாக்குகிறது. உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டிசி-யாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் என்ற பாகம் வோல்ட்டேஜ் எகிறாமல் பார்த்துக்கொள்கிறது. ஹெட்லைட், ஏசி ஃபேன், வைப்பர் எல்லாம் இந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. மிச்சம் பேட்டரிக்குள் போகிறது.

முதல் துப்பு: ஜம்ப் ஸ்டார்ட்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

கேபிளைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் லைட் மங்கி, இன்ஜின் நின்றுபோனால் சந்தேகம் ஆல்டர்னேட்டர் மீது. நாள் முழுக்க நன்றாக ஓடிவிட்டு, மறுநாள் காலையில் மட்டும் மக்கர் செய்தால் பேட்டரி பழசாகிவிட்டது அல்லது இரவில் மின்சாரம் கசிகிறது. ஆனால் இது துப்பு மட்டும்தான். முடிவு சொல்ல வேண்டியது மீட்டர்.

மல்டிமீட்டரில் 3 சோதனைகள்

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் வைக்க வேண்டும்.

1. இன்ஜின் ஓடாதபோது: வண்டி ஓடி நின்றவுடன் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சில மணி நேரம் கழித்துப் பார்ப்பதே சரி. 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

2. ஸ்டார்ட் செய்யும்போது: ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். வோல்ட்டேஜ் இறங்குவது இயல்பு. ஆனால் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. முதல் சோதனையில் 12.6 காட்டிய பேட்டரி இங்கே 8-க்கு விழுந்தால், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே பலம் போய்விட்டது என்று அர்த்தம்.

3. இன்ஜின் ஓடும்போது: பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், ஏசி எல்லாவற்றையும் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்தாலும் 13.5-க்கு மேலே நிற்க வேண்டும். அளவு ஏறாமல் 12-லேயே இருந்து, குறைந்துகொண்டும் வந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. இது இன்னும் ஆபத்து. பேட்டரி சூடாகி, தண்ணீர் வற்றி, அழுகிய முட்டை போல நாற்றம் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அளவு 13-க்குக் கீழேயும் போகலாம். எல்லா லைட்டையும் போட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன்...

மூன்றாவது சோதனையில் தோற்றாலும் ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று உடனே சொல்லிவிட முடியாது.

• பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருந்தால் சார்ஜ் உள்ளே போகாது. முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் சுத்தம் செய்து, இறுக்கமாக மாட்ட வேண்டும். மாட்டும்போது பிளஸ் முதலில்.

• ஸ்டார்ட் செய்ததும் "கீச்ச்" என்று சத்தம் வந்தால் பெல்ட் நழுவுகிறது. பெல்ட் தளர்ந்திருந்தாலோ தேய்ந்திருந்தாலோ நல்ல ஆல்டர்னேட்டரும் சரியாகச் சுழலாது.

• எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது, பேட்டரி மைனஸ்ஸுக்கும் இன்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதிக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால்தான் ஆல்டர்னேட்டர். அப்போதும் முழுசாக மாற்ற வேண்டும் என்பதில்லை. கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு போன்றவற்றைப் பல வண்டிகளில் தனியாக மாற்ற முடியும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டும் நல்லாத்தான் இருக்கு... ஆனாலும் இறங்குதே?

அப்படியென்றால் இரவில் யாரோ 'குடிக்கிறார்கள்'. காரை அணைத்த பிறகும் கடிகாரம், அலாரம் போன்றவை கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணிதான் செலவாகும்.

அதுவே 500 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றே நாளில் படுத்துவிடும். வெளியே வாங்கி மாட்டிய டேஷ்கேம், மியூசிக் சிஸ்டம், அணையாத டிக்கி லைட் ஆகியவை வழக்கமான சந்தேக நபர்கள். ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு பழுதானாலும் அதன் வழியே இரவில் மின்சாரம் கசியும். வண்டியை அணைத்து அரை மணி நேரம் விட்டு, மீட்டரை ஆம்பியரில் வைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் கசியும் இடம் தெரியும். மீட்டரை ஆம்பியரில் இணைத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரே எரிந்துவிடும் என்பதால், பழக்கம் இல்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிந்தால்?

டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது, வண்டி பேட்டரியில் மட்டும் ஓடுகிறது என்று பொருள். இரவில் ஹெட்லைட் பல்புகள் இரண்டுக்கே சுமார் 10 ஆம்பியர் வேண்டும். இன்ஜின், ஃபேன், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் 25 ஆம்பியரைத் தொடும். 35 ஆம்பியர் மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். அதன் பிறகு நெடுஞ்சாலையின் நடுவே லைட்டும் இன்ஜினும் நின்றுபோகலாம்.

எனவே ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்துக்கோ அருகில் உள்ள பட்டறைக்கோ போய்விட வேண்டும். வழியில் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. கூடவே டெம்பரேச்சர் முள் ஏறினால் அல்லது ஸ்டீயரிங் கனத்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது மேற்கொண்டு ஓட்டாமல் ஓரமாக நிறுத்திவிடுவதே இன்ஜினைக் காப்பாற்றும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "நிற்காம ஓடுது, டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்வது பழைய காலத்துச் சோதனை. இன்றைய கார்களில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் ஒரே நொடியில் எகிறி, இன்ஜின் கம்ப்யூட்டரையே எரித்துவிடும். பேட்டரியை விடப் பல மடங்கு செலவு அது.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதனால் அருகில் பீடி, சிகரெட், தீப்பொறி கூடாது. ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போதும் கடைசி கறுப்பு கிளிப்பை, இறங்கிய பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினின் இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும்.

இனி யாராவது "பேட்டரி மாத்தணும்" என்று சொன்னால், பணத்தை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நிற்கும்போது எவ்வளவு, ஸ்டார்ட் பண்ணும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு?" இந்த மூன்று எண்ணையும் மீட்டரில் காட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு முடிவு செய்தால் போதும்.