மலை ஏறும் சொகுசு வண்டி: வாங்குமுன் ஒரு கணக்கு

பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் தாண்டி, கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது கோலா தெர்லா. தீபாவளி விடுமுறையில் அங்கே ஒரு வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். ஓரமாக அப்பாவின் பழைய லேண்ட் ரோவர் நிற்கிறது. கோபிசும் தக்காளியும் ஏற்றி ஏற்றிப் பின்பக்கப் பலகை நெளிந்துவிட்டது. பக்கத்தில் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் ஓட்டி வந்த ரேஞ்ச் ரோவர் இவோக், மழைத்துளி கூட ஒட்டாத பளபளப்போடு நிற்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து பார்க்கிறார்கள். "எவ்வளவுப்பா ஆச்சு?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டியை வைத்துக்கொள்ள மாதம் எவ்வளவு ஆகும்? மலையில் பழுதானால் யார் பார்ப்பார்கள்? சிறிய சொகுசு எஸ்யூவி வாங்கியவர்களில் மனநிறைவோடு இருப்பவர்களும் வருந்துபவர்களும் பிரிகிற இடம் இதுதான்.

வயல் வண்டி சொகுசு வண்டியான கதை

வாசலில் நிற்கும் இரண்டு வண்டிகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் விவசாயிகளுக்காக ஒரு வண்டியைச் செய்தது. 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அன்று இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம். அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடியில் மட்டும் ஏணி போன்ற இரும்புச் சட்டம். மேல்தகடுகள் துருப்பிடிக்காததால்தான் மழையும் பனியும் ஓயாத கேமரன் மலையில் அறுபது வயது வண்டிகள் கூட இன்னும் ஓடுகின்றன. அடிச்சட்டம் துருப்பிடித்தால் ஒட்டுப்போட்டுக் கொள்கிறார்கள்.

அதே 1948-இல் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. பாதுகாப்புப் படைகள் லேண்ட் ரோவரைப் பெருமளவில் பயன்படுத்தின. பின்னாளில் படையும் அரசுத் துறைகளும் கழித்த வண்டிகள் பலவும் தோட்டக்காரர்கள் கைக்கு வந்தன. இஞ்சின் தேய்ந்தால் கிடைக்கிற ஜப்பானிய டீசல் இஞ்சினை மாற்றிப் பூட்டிக் கொண்டார்கள். ஸ்பானரும் வெல்டிங் கருவியும் உள்ள எந்தப் பட்டறையிலும் அந்த வண்டிக்கு வைத்தியம் உண்டு.

1970-இல் முதல் ரேஞ்ச் ரோவர் வந்தபோதும் அதில் பெரிய சொகுசு கிடையாது. உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவும்படிதான் தரையும் இருக்கையும் இருந்தன. தோல் இருக்கையும் மரவேலைப்பாடும் பிறகு சேர்ந்தவை. 1997-இல் ஃப்ரீலேண்டர் என்ற சிறிய வண்டி வந்தது. 2008-இல் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ், ஃபோர்டிடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவர் நிறுவனங்களை 230 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2011-இல் இவோக் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் தலைமுறை இவோக் 2018 நவம்பரில் அறிமுகமானது.

பெயர் ஒன்றானாலும் உடல் வேறு. இவோக்கில் தனி அடிச்சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாக வார்த்த சாதாரணக் காரின் அமைப்புதான். பழைய லேண்ட் ரோவரில் செங்குத்தான சேற்றுப் பாதைக்கென்று இருக்கும் தாழ்நிலைக் கியர் பெட்டி இதில் இல்லை. மின்னணுக் கருவிகள் சக்கரத்துக்குச் சக்கரம் விசையைப் பங்கிட்டு உதவி செய்கின்றன. வழுக்கும் தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் இது தாராளம். ஒரு டன் காய்கறியோடு தோட்டச் சரிவில் ஏறி இறங்குவது இதன் வேலையல்ல.

வாங்கும் விலை

மலேசியாவில் இத்தகைய வண்டியின் விலை ஏன் இவ்வளவு உயரம்? முழுமையாக இறக்குமதியாகும் காருக்கு இறக்குமதி வரி, 60 முதல் 105 விழுக்காடு வரையிலான கலால் வரி, 10 விழுக்காடு விற்பனை வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அதனால் பலர் 'ரீகோண்ட்' எனப்படும், பிரிட்டனிலோ ஜப்பானிலோ ஓடி வந்த வண்டியைத் தேடுகிறார்கள். இவை ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதியின் பேரில் வருகின்றன. 2010-இல் ஓர் ஏபி-க்கு 10,000 ரிங்கிட் கட்டணம் விதிக்கப்பட்டது. அதுவும் கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும்.

ரீகோண்ட் வண்டியில் பெரிய ஐயம், மீட்டரில் காட்டும் தூரம் உண்மைதானா என்பது. பிரிட்டனிலிருந்து வந்த வண்டி என்றால் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அங்கே மூன்று வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் எம்ஓடி சோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் ஓடிய தூரத்தைக் குறித்து வைக்கிறார்கள். அந்த வண்டியின் பழைய பிரிட்டிஷ் பதிவு எண் தெரிந்தால், பிரிட்டிஷ் அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்த்துவிடலாம். அது 'மைல்' கணக்கு என்பதை மறக்கக் கூடாது. பழைய எண்ணைத் தர விற்பனையாளர் தயங்கினால், அந்தக் கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

மாதத் தவணை

அடுத்தது கடன். ஒரு கணக்குக்கு, 150,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 40,500 ரிங்கிட். மொத்தம் 190,500 ரிங்கிட்டை 108 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1,764 ரிங்கிட். நிலையான வட்டியில், கடன் குறைந்தாலும் வட்டி முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது, முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு குறையும் என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சொகுசு வண்டியின் சந்தை விலை முதல் சில ஆண்டுகளில் வேகமாக இறங்குகிறது. கடன் மெதுவாகக் கரைகிறது. ஐந்தாம் ஆண்டில் அவசரத்துக்கு விற்கப் போனால், கிடைக்கும் விலை வங்கிக் கடனை அடைக்கவே போதாமல் போகலாம். வண்டியும் போய், மிச்சக் கடனும் தலையில் நிற்கும். பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கொடுக்கும் குடும்பம் இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலைச்சாலையில் கவனம்

வைத்திருப்பவர்கள் மெச்சும் நல்ல அம்சங்களும் இல்லாமல் இல்லை. உயர்ந்த இருக்கையிலிருந்து வளைவுகள் தெளிவாகத் தெரிகின்றன. மழையில் நான்கு சக்கரமும் பிடித்து ஓடுகிறது. வயதான அம்மா ஏறி இறங்க உயரம் தோதாக இருக்கிறது. 2,000 சிசிக்கு உட்பட்ட இஞ்சின் என்றால் சாலை வரியும் சில நூறு ரிங்கிட்டில் முடிகிறது.

ஆனால் 'சிறிய' எஸ்யூவி என்பது நகரத்துப் பேச்சு. இவோக் சுமார் 4.37 மீட்டர் நீளமும் 1.9 மீட்டர் அகலமும் கொண்டது. பழைய குட்டை லேண்ட் ரோவரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர்தான். தோட்டத்துக் குறுக்குப் பாதையில் எதிரே லோரி வந்தால் அந்த வித்தியாசம் புரியும்.

உயிரோடு சம்பந்தப்பட்டது இறக்கம். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கோ, தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கோ இறங்கும்போது 'டி' கியரில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது பலருடைய பழக்கம். வண்டியின் எடை முழுவதும் பிரேக் தகட்டில் சூடாக மாறுகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பழைய எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால், சூட்டில் அது கொதித்துக் குமிழியாகும். அப்போது பிரேக் மிதி தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே குறைந்த கியருக்கு மாற்றி, இஞ்சின் இழுப்பிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். கையேட்டில் சொன்னபடி, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பிரேக் எண்ணெயை மாற்ற வேண்டும். இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் செங்குத்தான மண்பாதையில் மெல்ல இறங்குவதற்காக அமைந்தது. நெடும் மலைச்சாலைக்கு அது மாற்று ஆகாது.

டயரும் செலவு வைக்கும். நான்கு சக்கர இழுவை வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் விசைப் பங்கீட்டுக் கருவிக்குக் கெடுதல். எனவே ஒரு டயர் கிழிந்தால் இரண்டோ நான்கோ வாங்க நேரிடுகிறது. 20 அங்குலச் சக்கரமும் மெல்லிய டயரும் அழகுதான். குழியில் விழுந்தால் சக்கரமே நெளியும். மலைக்கு அடிக்கடி வருபவருக்கு 18 அங்குலமே உத்தமம்.

நவீன டீசல் வண்டி வாங்குபவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். புகைக்குழாயில் உள்ள வடிகட்டி கரித்துகளைச் சேர்த்து வைத்து, நல்ல சூடு ஏறியதும் எரித்துவிடும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று குறுந்தூரமே ஓடினால் சூடு ஏறாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அது எந்தத் தயாரிப்புக்கும் பொருந்தும். செலவுக் கணக்கும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் ஏறியது பலருக்கு நினைவிருக்கும்.

காப்புறுதியில் மறைந்திருப்பவை

முழுக் காப்புறுதி எடுத்தாகிவிட்டது, இனி கவலையில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். மண்சரிவும் வெள்ளமும் வழக்கமான முழுக் காப்புறுதியில் அடங்குவதில்லை. தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்களையும் வண்டிகளையும் கொண்டுபோனதை மலைவாசிகள் மறக்கவில்லை. கேமரன் மலையில் வண்டி வைத்திருப்பவர் இந்தச் சேர்ப்பைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமல்ல.

அடுத்தது 'பெட்டர்மென்ட்'. ஐந்து வயதான வண்டி விபத்தில் சிக்கி, பழைய பாகத்துக்குப் பதில் புதியது பூட்டினால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் கட்ட வேண்டும். 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதில் 40 விழுக்காடு வரை போகிறது. ரீகோண்ட் வண்டிக்கு வயது, மலேசியாவில் பதிந்த நாளிலிருந்து அல்ல, தயாரித்த ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது. போன ஆண்டு வாங்கிய 'புது' வண்டி, காப்புறுதிக் கணக்கில் ஆறு வயது வண்டியாக இருக்கலாம். ஒரு முன்விளக்கின் விலையே ஆயிரக்கணக்கில் வரும்போது இது சின்னத் தொகை அல்ல. கூடுதல் கட்டணம் கட்டி இந்தப் பங்கைத் தவிர்க்கும் வசதியும் உண்டு. முகவரிடம் கேளுங்கள்.

யாருக்கு ஏற்றது?

நகரத்தில் வேலை, மாதம் ஒருமுறை மலைப் பயணம், தவணை போக ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கும் வருமானம், இவை உள்ளவருக்கு இந்த வண்டி மகிழ்ச்சி தரும். கோலா தெர்லாவிலேயே குடியிருந்து தினமும் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இது பொருந்தாது. கணினியில் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறைக்காக மலையிறங்கி ஈப்போவுக்குப் போக வேண்டிவரும். இழுவை லோரிக்குக் கொடுக்கும் பணத்தில் பழைய லேண்ட் ரோவருக்கு ஒரு பழுதையே பார்த்துவிடலாம்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், விலை பேசுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். நான்கு டயர், பிரேக் தகடு, முன்விளக்கு ஆகியவற்றின் விலையை ஒரு பட்டறையில் எழுதி வாங்குங்கள். அந்த வண்டியை வைத்திருக்கும் ஒருவரிடம் கடந்த ஆண்டு ரசீதுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தவணைத் தொகையை ஆறு மாதம் வங்கியில் போட்டுப் பாருங்கள். ஆறாம் மாதமும் வீட்டில் யாருக்கும் முகம் சுருங்கவில்லை என்றால், சாவியை வாங்கிக்கொள்ளலாம். ஊருக்கு வரும்போது அப்பாவையும் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். மலையிறக்கத்தில் கியரை எப்படிப் பிடிப்பது என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் கிடையாது.