அறுவடைச் சோதனையும் சராசரியும்

பயிர் இன்ஷூரன்ஸுக்காக நடைபெறும் அறுவடைச் சோதனையை நம் அங்கத்தினர் பலர் ஐயத்துடன் நோக்குகின்றனர். நாலு வயலைக் கொண்டு ஊர் விளைச்சலைக் கணிக்கலாமா? கணிக்கலாம், ஆனால் அறுக்கும் இடத்தை எவரும் விரும்பித் தேர்ந்தெடுத்தல் ஆகாது. நெல்லாயின், 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டைக் குலுக்கலில் விழும் எண்களைக் கொண்டே குறிக்க வேண்டும். செழித்த வரப்போரத்தைக் காட்டி நாம் பெருமை கொண்டால் சராசரி உயர்ந்து இழப்பீடு குறையும். நோயுற்ற மூலையைக் காட்டுவதும் பிழையே.

சராசரிக்கு வேறொரு குறையும் உண்டு. நான்கு துண்டுகளில் 14, 13, 12, 1 கிலோ கிடைத்தால் சராசரி 10. அஃதாவது ஹெக்டேருக்கு 4,000 கிலோ. ஒரு கிலோ கண்டவரின் துயரம் அதில் மறைந்துவிடுகிறது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பொது இழப்புக்கு அச்சராசரியே அளவுகோல். ஆலங்கட்டி மழையில் தம் வயல் மட்டும் அழிந்தவர் 72 மணி நேரத்துக்குள் தனியே அறிவித்தல் வேண்டும்.