கலந்தால் குப்பை, பிரித்தால் காசு

காலை நேரம். தெருவில் ஒரு மூன்று சக்கர வண்டி வருகிறது. வண்டியுடன் இரண்டு மூன்று பெண்கள் வருகிறார்கள். வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கிறார்கள். உள்ளே இருந்து ஒரு பெண் வருகிறாள். அவள் கையில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் காய்கறித் தோலும் ரொட்டித் துண்டும் இருக்கின்றன. மற்றொன்றில் காகிதமும் பிளாஸ்டிக் பையும் இருக்கின்றன.

இது அம்பிகாபூர் நகரம். சத்தீஸ்கர் மாநிலத்தில் சுர்குஜா மாவட்டத்தின் தலைநகர் இது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கு ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமான மக்கள் வாழ்ந்தார்கள். வண்டியுடன் வரும் பெண்களை ஊரார் 'ஸ்வச்சதா தீதி' என்று அழைக்கிறார்கள். 'தீதி' என்றால் அக்கா. தூய்மை அக்கா என்று பொருள்.

ஊருக்கு வெளியே குப்பை மேடு

2015க்கு முன் இந்த ஊரும் மற்ற ஊர்களைப் போலத்தான் இருந்தது. தெரு முனையில் குப்பைத் தொட்டி. தொட்டி நிரம்பிக் குப்பை வெளியே வழியும். மாடும் நாயும் அதைக் கிளறும். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஊருக்கு வெளியே கொட்டும். அங்கே சுமார் 16 ஏக்கர் நிலத்தில் குப்பை குவிந்து கிடந்தது.

குப்பையை வேறு இடத்தில் கொட்டினால் குப்பை தீர்ந்துவிடுமா? தீராது. குவியலுக்குள் உணவுக் கழிவு அழுகும். எரியக்கூடிய வாயு உண்டாகும். குப்பை மேட்டில் தீப்பிடிக்கும். மழை பெய்தால் அழுக்கு நீர் மண்ணில் இறங்கும். கிணற்று நீரும் கெடும்.

2015இல் ஒரு மாற்றம் தொடங்கியது. அப்போது ரிது சைன் என்பவர் மாவட்ட ஆட்சியராக இருந்தார். வேலூரைச் சேர்ந்த சி. ஸ்ரீனிவாசன் ஒரு புதிய முறையைக் காட்டினார். அந்த முறையின் அடிப்படை எளிமையானது. குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வாங்க வேண்டும். அன்றே மேலும் பிரிக்க வேண்டும்.

தீதிகள் செய்யும் வேலை

இந்த வேலையை மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்றுக்கொண்டன. 400க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்ந்தார்கள். பலர் ஏழைக் குடும்பத்துப் பெண்கள்.

நகரின் பல பகுதிகளில் குப்பை பிரிக்கும் கூடங்கள் அமைந்தன. காலையில் தீதிகள் வீடு வீடாகச் சென்று குப்பையை வாங்குவார்கள். பிறகு கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். மேசை மேல் பரப்புவார்கள். கையுறை அணிந்து பிரிப்பார்கள்.

காய்கறிக் கழிவு உரமாகிறது. காகிதம் தனி. அட்டைப்பெட்டி தனி. பால் பை தனி. தண்ணீர் பாட்டில் தனி. இரும்பும் தகரமும் தனி. இவை பழைய பொருள் வாங்கும் வியாபாரிகளுக்கு விற்கப்படுகின்றன.

தீதிகளின் சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு கட்டணம் தருகிறது. கடைகளும் தருகின்றன. பொருள் விற்ற பணமும் சேர்கிறது.

தொடக்கத்தில் வேலை எளிதாக இல்லை. 'குப்பைக்குப் பணமா?' என்று சிலர் கேட்டார்கள். பலர் எல்லாவற்றையும் கலந்தே கொடுத்தார்கள். தீதிகள் சலிக்கவில்லை. வாசலில் நின்று திரும்பத் திரும்ப விளக்கிச் சொன்னார்கள். மெல்ல மெல்ல வழக்கம் மாறியது.

பழைய குப்பை மேடு இன்று ஒரு பூங்கா. 2019இல் மத்திய அரசு நடத்திய தூய்மைக் கணக்கெடுப்பில் அம்பிகாபூர் நாட்டிலேயே இரண்டாம் இடம் பெற்றது. அதே ஆண்டு பேருந்து நிலையம் அருகே ஓர் உணவகமும் திறக்கப்பட்டது. 1 கிலோ பிளாஸ்டிக் குப்பை கொடுத்தால் ஒரு சாப்பாடு. அரைக் கிலோ கொடுத்தால் காலைச் சிற்றுண்டி. தெருவில் குப்பை பொறுக்கும் ஏழைகளுக்கு இது உதவியாக அமைந்தது.

வீட்டில் ஏன் பிரிக்க வேண்டும்?

'அவர்கள்தான் பிரிக்கிறார்களே, நாம் ஏன் பிரிக்க வேண்டும்?' என்று சிலர் நினைக்கலாம்.

ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துக்கொள்வோம். காய்ந்திருந்தால் கடைக்காரர் எடை போட்டுக் காசு தருவார். அதன் மேல் பருப்புக் குழம்பு கொட்டிவிட்டால்? யாரும் வாங்கமாட்டார். காகிதமும் போயிற்று.   அதனால் குறைவது தீதியின் வருமானம்.

இன்னொன்றும் உண்டு. உடைந்த கண்ணாடியைச் சோற்றுக் கழிவுடன் போட்டால் அது வெளியே தெரியாது. பிரிக்கும் பெண்ணின் கையைக் கிழிக்கும். பிளேடும் ஊசியும் அப்படித்தான். கை புண்ணானால் மறுநாள் அவளால் வேலைக்கு வர முடியாது.

வீட்டில் பிரிக்க ஒரு நிமிடம் போதும். கலந்துவிட்டால் கூடத்தில் ஒரு மணி நேரம் பிரித்தாலும் சுத்தமாகாது.

எப்படிப் பிரிப்பது?

முதல் தொட்டி: மக்கும் குப்பை. காய்கறித் தோல், மீந்த உணவு, தேயிலைத் தூள், வாடிய பூ.

இரண்டாம் தொட்டி: மக்காத குப்பை. பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி பாட்டில். காய்ந்த காகிதத்தையும் இதில் போடலாம். பால் பையைக் கழுவிக் காயவைத்துப் போடுவது நல்லது.

மூன்றாவது தனிப் பை: ஆபத்தான குப்பை. பாட்டரி, பல்பு, ஊசி, கெட்டுப்போன மருந்து. உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தடித்த காகிதத்தில் சுற்றி, தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாப்கினையும் காகிதத்தில் சுற்றித் தனியே தர வேண்டும்.

பிளாஸ்டிக்கை ஒருபோதும் எரிக்கக் கூடாது. அந்தப் புகை நச்சுப் புகை. முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் நம் வீட்டுக் குழந்தைகள்தான்.

அம்பிகாபூர் பணக்கார ஊர் அல்ல. அங்கே பெரிய இயந்திரங்களும் முதலில் வரவில்லை. இரண்டு தொட்டிகளும், ஒரு வண்டியும், பெண்களின் உழைப்பும்தான் அந்த ஊரை மாற்றின.

நம் வாசலில் வந்து குப்பை வாங்குபவரும் ஒரு வீட்டின் அக்காதான். அவர் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம்?

சிந்திப்போம், பேசுவோம்

1. உங்கள் வீட்டில் நேற்று என்னென்ன குப்பை சேர்ந்தது?
2. அதில் எவை உரமாகும்? எவற்றை விற்கலாம்?
3. உங்கள் தெருவில் குப்பை வாங்க வருபவர் யார்? அவரிடம் அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள்.